கண்ணாடி ஸ்லைடில் "மெட்ராஸ் ஸ்டேஷன்": இது எந்தக் கட்டடம், எந்தத் திசை பார்த்து எடுத்தது?

சிந்தாதிரி:

வணக்கம். மூன்று படங்களைப் பற்றிக் கேட்க வேண்டும். சிக்கல் முதல் படத்தில்தான். மற்ற இரண்டையும் கையோடு கேட்டுவிடுகிறேன்.

முதலாவது, மாஜிக் லாந்தரில் (விளக்கு வைத்துத் திரையில் படம் காட்டும் பழைய கருவி) செருகிக் காட்டும் கண்ணாடி ஸ்லைடு. பக்கத்துக்கு 82 மில்லிமீட்டர், சதுரம். இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து விளிம்பு முழுக்கக் கறுப்புக் காகித நாடா ஒட்டியிருக்கிறது. லேபிளில் கையெழுத்தாக "மெட்ராஸ் ஸ்டேஷன்" என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. வருடமும் இல்லை, ஸ்டூடியோ பெயரும் இல்லை. லைட் பாக்ஸ் மேல் வைத்து, லேபிள் தெரியும்படி மேலிருந்து கேமராவில் எடுத்த படத்தைத்தான் இங்கே போட்டிருக்கிறேன்.

படத்தில் இருப்பது: அகலமான சாலை நேராக உள்ளே போகிறது. வலது கைப் பக்கம், ஓரளவு கிட்டத்தில், கருத்துத் தெரியும் பெரிய கட்டடம். இரண்டு தளம், கீழ்த்தளத்தில் வளைவு வரிசை. ஒரே ஒரு சதுரக் கோபுரம். அதன் தலையில் மலையாளக் கோயில் கூரை மாதிரி சரிந்த கூம்பு. அந்தக் கட்டடத்தின் கடைசி மூலையை ஒட்டினாற்போல, வெகு தூரத்தில், மரங்களுக்கு மேலே உயரமான மணிக்கூண்டு. பெரிதாக்கினால் முள் தெரிகிறது: நான்கு மணி ஆக இன்னும் பத்து நிமிடம். சாலையில் டிராம் தண்டவாளம், ஓரத்தில் கம்பங்கள், மேலே கம்பி. எதிரே வரும் டிராம் ஒன்று, ஜட்கா மூன்று. வலது ஓரத்தில், கேமராவுக்குப் பக்கத்தில், வேலியும் மரங்களும்தான், கட்டடம் கிடையாது. ஆட்களின் நிழல் கேமராவை நோக்கி வருகிறது, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து.

என் கணக்கு இப்படி. கிட்டத்தில் இருப்பது சென்ட்ரல், லேபிளும் அதைத்தான் சொல்கிறது. சாலை பூந்தமல்லி ஹை ரோடு. சென்ட்ரல் சாலைக்கு வடக்கே இருக்கிறது. அது வலப்பக்கம் வந்தால் கேமரா மேற்கே பார்க்கிறது. அப்படியானால் தூரத்து மணிக்கூண்டு 1913இல் திறந்த ரிப்பன் கட்டடம், அதாவது மாநகராட்சி அலுவலகம். நான்கு மணிக்குச் சூரியன் மேற்கே, அதாவது எதிரே. நிழல் கேமரா பக்கம் வருவதும் சரி. ஆக, 1913க்குப் பிந்திய படம்.

இரண்டு விஷயம் மட்டும் இடிக்கிறது. சென்ட்ரலின் சொந்த மணிக்கூண்டு எங்கே? சென்ட்ரலுக்கும் ரிப்பனுக்கும் நடுவில் நிற்க வேண்டிய விக்டோரியா ஹால் எங்கே?

இரண்டாவது படம் அச்சடித்த தபால் அட்டை. "மெரினா, மெட்ராஸ்" என்று தலைப்பு. மணல், மசூலா படகு இரண்டு, பின்னால் வெட்டவெளியில் ஒற்றைத் தூண், உச்சியில் விளக்குக் கூண்டு. ஏழாம் எட்வர்ட் தலை போட்ட ஸ்டாம்ப், தபால் முத்திரையில் 1906.

மூன்றாவது காகிதப் பிரிண்ட். குளம், நடுவில் நீராழி மண்டபம், எதிர்க்கரையில் குட்டையான கோபுரம். "திருவல்லிக்கேணி" என்று எழுதியிருக்கிறது.


கூவம்கரை:

உங்கள் கணக்கு சரியாகத்தான் படுகிறது. விக்டோரியா ஹாலை மரம் மறைத்திருக்கலாம். சென்ட்ரலின் மணிக்கூண்டு படச் சட்டத்துக்கு வெளியே போயிருக்கலாம். கடிகாரம், நிழல், திசை மூன்றும் ஒத்துப்போகும்போது 1913க்குப் பிறகு என்றே வைக்கலாமே?


செங்காரை:

கூவம்கரை சார், அந்த மூன்றும் ஒத்துப்போவதுதான் இந்தப் படத்தில் இருக்கும் பொறி. படம் இடவலமாகப் புரண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், சிந்தாதிரி சரிபார்க்கட்டும்.

முதலில் கிட்டத்துக் கட்டடம். ஒரே கோபுரம், சதுரம், தலையில் திருவிதாங்கூர்க் கூம்பு: இது விக்டோரியா பப்ளிக் ஹால், ஊர்க்காரர்கள் டவுன் ஹால் என்றது. ராபர்ட் சிஸம் வடிவமைத்தது, நம்பெருமாள் செட்டியார் கட்டியது, 1880களின் வேலை. சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடம். சென்ட்ரலோடு குழப்பிக்கொள்வது ஏன் சகஜம் என்றால், சென்ட்ரலின் சிறு கோபுரங்களுக்கும் இதே பாணிக் கூம்பு உண்டு. சிஸம் கை அங்கேயும் பட்டிருக்கிறது. திருவனந்தபுரம் மியூசியத்தை வடிவமைத்தவர் அவர்தான். அந்த மலையாளக் கூரையை மெட்ராஸுக்கும் கொண்டுவந்துவிட்டார். அதனால் கூம்பை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. எண்ணிப் பாருங்கள். சென்ட்ரல் என்றால் நீண்ட முகப்பு, கூம்பு பல, நடுவில் எல்லாவற்றையும் தாண்டி நிற்கும் மணிக்கூண்டு. ஒரு கூம்பு, மணி இல்லை, முகப்பும் குறுகல் என்றால் அது ஹால்தான். மணிக்கூண்டு சட்டத்துக்கு வெளியே போக வழியில்லை. அது கட்டடத்தின் நடுவிலேயே இருக்கிறது, ஓரத்தில் இல்லை.

அடுத்து தூரத்து மணிக்கூண்டு. ரிப்பன் கட்டடத்துக்கும் மணிக்கூண்டு இருக்கிறது, சென்ட்ரலுக்கும் இருக்கிறது. வேறுபாடு நிறத்தில் இருக்கிறது. அந்தக் காலக் கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. நீலத்துக்கும் பச்சைக்கும்தான் உணர்ச்சி. செங்கல் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாக விழும், சுண்ணாம்பு வெள்ளை பளீரென்று விழும். ரிப்பன் வெள்ளை. தூரத்தில், புழுதி மூட்டத்தில்கூட வானத்தோடு கலந்து வெளுத்துத்தான் தெரியும். உங்கள் ஸ்லைடில் அந்தக் கோபுரம் ஹாலைப் போலவே கருத்திருக்கிறது. அது சென்ட்ரல்.

இப்போது வரிசை பாருங்கள். சாலையின் வடபக்கம் கிழக்கிலிருந்து மேற்காகச் சென்ட்ரல், ஹால், ரிப்பன். கிட்டத்தில் ஹால், தூரத்தில் சென்ட்ரல் என்றால் கேமரா கிழக்கே பார்க்கிறது. கிழக்கே பார்த்தால் வடக்கு இடது கைப் பக்கம். கட்டடங்கள் இடப்பக்கம் வர வேண்டும். உங்கள் படத்தில் வலப்பக்கம் இருக்கின்றன. அப்படியானால் படம் புரண்டிருக்கிறது.

கடிகாரமும் நிழலும் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும் முள்ளைக் கண்ணாடியில் பாருங்கள்: எட்டு பத்து. சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. படத்தைப் புரட்டும்போது கிழக்கு மேற்காகிறது, காலை மாலையாகிறது, முள்ளும் அதற்கு ஏற்றாற்போல மாறிக்கொள்கிறது. காலை எட்டு பத்துக்குக் கிழக்கே பார்த்து எடுத்த படமும், மாலை நான்குக்கு மேற்கே பார்த்து எடுத்த படமும் நிழலில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். கடிகாரத்தில் எண்கள் தெளிவாக இருந்தால் ஒழிய, இந்த இரண்டையும் வைத்துப் புரட்டலைக் கண்டுபிடிக்கவே முடியாது.


படப்பெட்டி:

செங்காரை சொன்னது சரி என்றே தோன்றுகிறது. ஆனால் கட்டட வரிசையை வைத்தே புரட்டலை நிரூபித்து, அந்தப் புரட்டலை வைத்தே கட்டடத்தை உறுதி செய்தால் வட்டமாகச் சுற்றுகிறோம். கட்டடத்தோடு சம்பந்தமில்லாத சாட்சி வேண்டும். நம் ஊர்ப் படங்களில் அது ஆட்களிடம்தான் கிடைக்கும்.

பூணூல் முதலில். சட்டையில்லாமல் நடக்கும் ஆள் ஒருவராவது இருப்பார். இடத்தோளில் ஏறி வலது இடுப்புக்கு இறங்க வேண்டும். வலத்தோளில் இருந்தால் படம் புரண்டது. ஒரு எச்சரிக்கை: தர்ப்பணம் கொடுக்கும்போது வலத்தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள். குளக்கரை, கடற்கரைப் படமென்றால் இந்தச் சாட்சியை நம்பாதீர்கள். நடுச்சாலையில் நடப்பவரிடம் நம்பலாம்.

புடவை முந்தானை இடத்தோளில். ஒருவரை மட்டும் பார்க்காமல் நாலைந்து பேரைப் பாருங்கள். கட்டு வகை பல. ஆண்கள் கோட்டு, சட்டையில் இடப்பக்க மடிப்பு மேலே வரும், பொத்தான் அவர்களின் வலப்பக்கம்.

வண்டிகள் இடப்பக்கம் போக வேண்டும், அதாவது எதிரே வருவது நமக்கு வலது கைப் பக்கம் தெரிய வேண்டும். இரட்டைத் தண்டவாளத்தில் வரும் டிராம் நல்ல சாட்சி. ஒற்றைத் தண்டவாளம் என்றால் சாட்சியே இல்லை. ஜட்காவும் மாட்டு வண்டியும் காலியான சாலையில் நடுவில்தான் போகும், அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இனி ஸ்லைடையே பாருங்கள். பிரிட்டனில் வழங்கிய முறைப்படி, முன்பக்கத்து மேல் விளிம்பில் இரண்டு மூலைகளிலும் வெள்ளைப் பொட்டு ஒன்று ஒன்று ஒட்டியிருக்கும், லாந்தர் ஓட்டுபவர் இருட்டில் புரட்டிச் செருகாமல் இருக்க. பொட்டு இரண்டும் உங்களைப் பார்த்து, மேலே இருக்கும்படி பிடித்தால் படம் நேராகத் தெரியும். லேபிளை அப்படி நம்ப முடியாது. அதைப் பின்னாளில் யாரும் எந்தப் பக்கமும் ஒட்டியிருப்பார்கள்.

லைட் பாக்ஸில் எடுக்கும்போது பொட்டுப் பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும். ஆனால் பிளாட்பெட் ஸ்கேனரில் பொட்டுப் பக்கம் கீழே, கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்கேனரின் கண் கீழே இருக்கிறது. பாதிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள்.

ஸ்கேன் செய்வதாக இருந்தால் மேல்மூடியில் விளக்கு உள்ள வகை ஸ்கேனர் வேண்டும். 2400 டிபிஐயில் வைத்தால் இந்த அளவு ஸ்லைடுக்குப் பக்கத்துக்கு சுமார் 7,750 பிக்சல் கிடைக்கும்; கடிகார முள், கடைப் பலகை படிக்க அது போதும். 16 பிட், கறுப்பு வெள்ளை, டிஃப் கோப்பு. தானாகக் கூர்மையாக்கும் வசதி, தூசி நீக்கும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். டிராம் கம்பியைக் கீறல் என்று நினைத்து அழித்துவிடும். மழைநீரில் மிதக்கும் எண்ணெய் மாதிரி வளைய வளையமாக நிறம் தெரிந்தால் இரண்டு கண்ணாடிப் பரப்புகள் ஒட்டிக்கொள்கின்றன என்று அர்த்தம். நான்கு மூலைக்கும் மெல்லிய அட்டைத் துண்டு கொடுத்து ஒரு மயிரிழை தூக்குங்கள்.

துடைப்பதானால் வெளிக் கண்ணாடியை மட்டும், காய்ச்சி வடித்த நீர் ஒரு சொட்டு விட்ட பஞ்சில். விளிம்பு நாடா பக்கம் ஈரம் போகவே கூடாது. உள்ளே இருப்பது ஜெலட்டின். நாடா வழியாக நீர் புகுந்தால் ஊதி, கண்ணாடியை விட்டுக் கழன்றுவிடும். நாடா உரிந்திருந்தாலும் பிரித்துப் பார்க்க வேண்டாம். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் துடைக்கவே வேண்டாம்.


சிந்தாதிரி:

பார்த்துவிட்டேன். வெள்ளைப் பொட்டு இரண்டும் இருக்கின்றன, ஆனால் லேபிள் இல்லாத பக்கத்தில். லேபிள் தெரியும்படி எடுத்ததால் பின்பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறேன்.

சாலை ஓரத்தில் சட்டையில்லாத ஒருவர்: நான் போட்ட படத்தில் பூணூல் வலத்தோளில். எதிரே வரும் டிராம் இரட்டைத் தண்டவாளத்தில் இடது பக்கம் வருகிறது. இரண்டும் தப்பு. புரட்டினால் இரண்டும் சரியாகின்றன.

புரட்டிய படத்தில் ஹால் இடப்பக்கம், அதன் தென்கிழக்கு மூலையை ஒட்டிச் சென்ட்ரல் மணிக்கூண்டு, மணி எட்டு பத்து. கேமராவுக்குப் பக்கத்தில் இருந்த வேலியும் மரங்களும் இப்போது இடது ஓரத்துக்கு வந்துவிட்டன. ஹாலின் சாலையைப் பார்த்த முகத்தில் வெயில் இருக்கிறது, கேமராவைப் பார்த்த முகம் இருட்டு. இனி வருடத்தை எப்படி நெருங்குவது?


சங்கிலிக்கோல்:

அந்த வேலியும் மரங்களும்தான் உங்கள் வருடம். கேமரா நின்ற இடத்தை முதலில் நிலைநாட்டுங்கள், பிறகு அது தானாக வரும்.

வழி இது. படத்தில் கிட்டத்து விளிம்பு ஒன்றும் தூரத்து விளிம்பு ஒன்றும் ஒட்டி நிற்கும் இடத்தைத் தேடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஒன்று கிடைத்திருக்கிறது: ஹாலின் தென்கிழக்கு மூலையும் மணிக்கூண்டின் இடது விளிம்பும். இரண்டு கட்டடங்களும் இன்றும் நிற்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்துக் கோடு போட்டு, ஹாலைத் தாண்டி மேற்கே நீட்டுங்கள். கேமரா அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருந்திருக்கிறது. இது லென்ஸைப் பொறுத்ததல்ல, படத்தை வெட்டியிருந்தாலும் மாறாது, கேமரா சாய்ந்திருந்தாலும் மாறாது. அதனால்தான் கட்டட உயரத்தை அளந்து தூரம் கணக்கிடுவதை விட இதை நம்பலாம்.

இன்னொரு ஜோடி கிடைத்தால் இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடம் கேமரா. ஹாலின் கோபுர விளிம்பு பின்னால் உள்ள கூரை மூலையை எங்கே மறைக்கிறது என்று பாருங்கள், ஒரே கட்டடத்துக்குள்ளேயே ஜோடி கிடைக்கும். இங்கே கெடுவது ஒன்றுதான்: இரண்டு கோடுகளும் குறுகிய கோணத்தில் வெட்டினால், மூலையை அரை மீட்டர் தப்பாக வைத்தாலும் கேமரா பத்துப் பதினைந்து மீட்டர் முன்னும் பின்னும் ஓடும். வெட்டும் கோணம் 30 பாகைக்குக் கீழே போனால் மூன்றாவது ஜோடி தேடுங்கள். செயற்கைக்கோள் படத்தில் கூரை விளிம்பு சாய்ந்து தெரியும். மூலையைத் தரை மட்டத்தில் குறியுங்கள், கூரையில் அல்ல. மணிக்கூண்டுக்கு இது மிக முக்கியம். உயரம் அதிகம், சாய்வும் அதிகம்.

கேமரா உயரத்தையும் பார்த்துவிடலாம். சமதளச் சாலையில் தூரத்து ஆள், கிட்டத்து ஆள் எல்லோருடைய தலையும் ஒரே கோட்டில் இருந்தால் கேமரா ஆள் உயரத்தில் இருந்திருக்கிறது. கிட்டத்து ஆட்களின் தலை அந்தக் கோட்டுக்குக் கீழே போகப்போக, மாடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

இப்போது வருடம். ஹாலுக்கு மேற்கே, வடபக்கம், ரிப்பன் கட்டடம். முகப்பு மட்டும் 85 மீட்டர் நீளம். கேமரா அதற்கு எதிரே அல்லது அதற்கு மேற்கே நின்றிருந்தால் அது படத்தில் விழாமல் தப்பவே முடியாது. அங்கே வேலியும் மரமும் இருந்தால் அது இன்னும் பீப்பிள்ஸ் பார்க். ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் எல்லாமே அந்தப் பூங்காவிலிருந்து வெட்டி எடுத்த நிலம்தான். ரிப்பனுக்கு மின்டோ பிரபு அடிக்கல் நாட்டியது 1909 டிசம்பர் 11, திறந்தது 1913. கட்டுமானச் சாரம், செங்கல் குவியல் எதுவும் இல்லையென்றால் 1909 முடிவதற்கு முன்.

கீழ் எல்லையை டிராம் தருகிறது. மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895 மே மாதம். ஆனால் தொடக்கத்தில் மின்சாரம் தரைக்கடியில் போட்ட கம்பியிலிருந்து வந்தது. மழைக்காலத்தில் அது சரிப்படவில்லை, பிறகுதான் தலைக்கு மேலே கம்பி வந்தது. உங்கள் படத்தில் கம்பமும் கம்பியும் இருப்பதால் 1895ஐ ஒட்டிய முதல் சில ஆண்டுகளையும் கழித்துவிடலாம். 1890களின் கடைசியிலிருந்து 1909 வரை என்று எழுதுங்கள். மூர் மார்க்கெட் 1900இல் திறந்தது. அது இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் இடைவெளி பாதியாகும். ஆனால் உங்கள் கோணத்தில் ஹாலும் மரங்களும் அந்தப் பக்கத்தை மறைக்கின்றன. தெரியாததை இல்லை என்று எண்ணி 1900க்கு முன் என்று போட்டுவிடாதீர்கள். இந்தத் தவறைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

பருவமும் ஓரளவு கிடைக்கும். மெட்ராஸ் 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் 25 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கு வரை சூரியன் காலை முதல் மாலை வரை வடபக்கமாகவே போகும். நேர் தெற்கே பார்த்த சுவரில் அந்த நாட்களில் ஒரு நிமிடம்கூட நேர் வெயில் விழாது. உங்கள் படத்தில் சாலையைப் பார்த்த தெற்கு முகத்தில் வெயில் இருக்கிறது, ஆட்களின் நிழலும் வடக்கே சாய்கிறது. ஆக ஆகஸ்ட் பின்பாதிக்கும் ஏப்ரல் பின்பாதிக்கும் இடைப்பட்ட நாள். கட்டடம் துல்லியமாகத் தெற்கே பார்க்கிறதா என்று வரைபடத்தில் கோணமானி வைத்து அளந்துகொள்ளுங்கள். சில பாகை திரும்பியிருந்தாலும் அந்தத் தேதிகள் நகரும். நிழல் நீளத்தை வைத்து மாதம் பிடிக்கப் பார்க்க வேண்டாம்: கேமராவை நோக்கி வரும் நிழல் சுருங்கித் தெரியும், அளவு கைக்கு வராது.

இன்னொன்று. இந்திய நேரம் வந்தது 1906 ஜனவரி 1. அதற்கு முன் ரயில்வே கடிகாரங்கள் மெட்ராஸ் நேரத்தைக் காட்டின. இந்திய நேரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்னால். சூரிய நிலையை மென்பொருளில் போட்டுப் பார்ப்பதானால் அந்த 9 நிமிடத்தைக் கணக்கில் எடுங்கள்.


தெப்பம்:

மற்ற இரண்டு படங்களுக்கு நான்.

தபால் அட்டையில் இருப்பது மெரினா அல்ல. அந்தத் தூண் 1844இல் விளக்கேற்றிய கருங்கல் கலங்கரை விளக்கம், இன்று ஹைகோர்ட் வளாகத்துக்குள் நிற்கிறது. கோட்டைக்கு வடக்கே இருந்த எஸ்பிளனேடு வெளி. வெளியூர் அச்சகங்கள் மெட்ராஸ் கடற்கரை எதையும் மெரினா என்று போட்டுவிடும். மெரினா கூவம் முகத்துக்குத் தெற்கே.

தபால் முத்திரை 1906 என்பது அட்டை அனுப்பிய நாள், படம் எடுத்த நாளல்ல. தூண் வெட்டவெளியில் தனியாக நிற்கிறது என்கிறீர்கள். ஹைகோர்ட் வேலை 1888இல் தொடங்கி 1892இல் திறந்தார்கள். அதன் கும்பங்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் நெகட்டிவ் 1888க்கு முந்தியது. ஸ்டூடியோக்கள் பழைய கண்ணாடி நெகட்டிவை இருபது முப்பது வருடம் வைத்திருந்து அட்டை போட்டார்கள், இது அப்படி ஒன்று. 1894இல் விளக்கு ஹைகோர்ட் கோபுரத்துக்கு மாறிவிட்டது. 1977இல்தான் இன்றைய மெரினா கலங்கரை விளக்கத்துக்குப் போனது. ஆகவே மெட்ராஸ் படத்தில் கலங்கரை விளக்கம் தெரிந்தாலே எந்த விளக்கம் என்று முதலில் கேளுங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு இடம்.

கடலையும் பாருங்கள். 1861இல் கட்டிய இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டிருக்கிறதா? துறைமுகக் கற்சுவர் தெரிகிறதா? சுவர் வேலை 1875இல் தொடங்கியது. பாலம் இருந்து சுவர் இல்லையென்றால் வருடம் நன்றாக நெருங்கிவிடும். மணலின் அகலமும் காட்டிக்கொடுக்கும். துறைமுகம் வந்த பிறகுதான் அதற்குத் தெற்கே மணல் ஏறி மெரினா இப்படி விரிந்தது. சாலைக்குப் பக்கத்திலேயே அலை அடிக்கும் மெரினா படம் வந்தால் அது பழையது.

அட்டையை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அச்சுப் படம், 600 டிபிஐக்கு மேல் ஸ்கேன் செய்து பயனில்லை, புள்ளிதான் பெரிதாகும். புள்ளியே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் நிஜ போட்டோ, 1200இல் எடுங்கள்.

குளத்துப் படம் திருவல்லிக்கேணி இல்லை, மயிலாப்பூர் என்று நினைக்கிறேன். கபாலீசுவரர் கோயிலுக்குத் தெப்பக்குளம் மேற்கே, பின்பக்கம். குளத்தின் மேற்குக் கரையில் நின்று பார்த்தால் எதிரே தெரிவது சின்ன மேலைக் கோபுரம். திருவல்லிக்கேணியில் குளம் ராஜகோபுரத்துக்கு முன்னால், ஆகவே பெரிய கோபுரமே நேரே நிற்கும். மயிலையில் கிழக்கே உள்ள 120 அடி ராஜகோபுரம் 1906இல் எழுந்தது. இன்று அதே கரையில் நின்றால் சின்னக் கோபுரத்துக்குப் பின்னால் அதுவும் தெரியும். உங்கள் பிரிண்டில் வானம் காலியாக இருந்தால் 1906க்கு முந்தியது. ஆனால் தென்னை மறைக்கிறதா என்று பாருங்கள். நீராழி மண்டபத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம், இரண்டு குளத்திலும் உண்டு.


கூவம்கரை:

ரிப்பன் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நிற விஷயத்தைக் கவனிக்கவில்லை. ஒரு கேள்வி: இந்த மாதிரிப் படத்தில் கடைப் பலகை தெரிந்தால் அந்தப் பெயரை எதில் தேடுவது?


சங்கிலிக்கோல்:

ஆசிலம் பிரஸ் ஆல்மனாக் என்று ஆண்டுதோறும் வந்த மெட்ராஸ் டைரக்டரி. கம்பெனிகள் முகவரியோடு இருக்கும். ஒரு பெயர் எந்த ஆண்டில் அந்தத் தெருவில் தோன்றுகிறது, எந்த ஆண்டில் இல்லாமல் போகிறது என்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தால் நான்கைந்து வருட இடைவெளிக்குள் வந்துவிடலாம். எழும்பூரில் கன்னிமாரா நூலகத்திலும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேளுங்கள். தேடும்போது பழைய தெருப் பெயர்தான் வேண்டும்: என்எஸ்சி போஸ் ரோடு அன்று சைனா பஜார், பிரகாசம் சாலை அன்று பிராட்வே, ராஜாஜி சாலை அன்று ஃபர்ஸ்ட் லைன் பீச், பாரதி சாலை அன்று பைகிராப்ட்ஸ் ரோடு. ஜார்ஜ் டவுன் என்ற பெயரே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது; அதற்கு முந்திய பட்டியலில் பிளாக் டவுன் என்று பாருங்கள்.


சிந்தாதிரி:

கோடு போட்டுப் பார்த்தேன். முதல் கோடு மேற்கே இறங்கிச் சாலைக்குள் வருகிறது. இரண்டாவது ஜோடியாக ஹாலின் கோபுர விளிம்பும் அதன் பின்கூரை மூலையும் எடுத்தேன், வெட்டும் கோணம் 40 பாகைக்குச் சற்று மேல். கேமரா இன்றைய ரிப்பன் கட்டடத்துக்கு எதிரே சாலையில் விழுகிறது, முகப்பின் மேற்குப் பாதி நேருக்கு. தலைகள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கின்றன, ஆக ஆள் உயரம். அந்த இடத்தில் நின்றால் ரிப்பனின் கிழக்குப் பாதி இடது ஓரத்தில் கட்டாயம் விழ வேண்டும். அங்கே மரங்கள்தான். சாரமும் இல்லை.

குளத்துப் படத்தில் தென்னை மறைக்கவில்லை, வானம் காலி. தபால் அட்டையில் கும்பம் எதுவும் தெரியவில்லை. கடலுக்குள் பாலம் இருக்கிறது, கற்சுவர் இல்லை.

லேபிளை என்ன செய்வது? மாற்றி எழுதலாமா?


செங்காரை:

லேபிளைத் தொடாதீர்கள். அது ஸ்லைடின் சரித்திரம். "ஸ்டேஷன்" என்று எழுதியவர் தூரத்துச் சென்ட்ரலைத்தான் நினைத்து எழுதியிருக்கவும் கூடும், அப்படியானால் அவர் எழுதியது தப்பே இல்லை.

கோப்பில் தனியாகக் குறிப்பு எழுதுங்கள். முதலில் லேபிளில் உள்ளது உள்ளபடி. அடுத்து: பூந்தமல்லி ஹை ரோடு, கிழக்கே பார்த்து, இடது, விக்டோரியா பப்ளிக் ஹால், தூரத்தில் சென்ட்ரல் மணிக்கூண்டு, கேமரா இன்றைய ரிப்பன் கட்டடத்துக்கு எதிரே, காலை 8.10, 1890களின் கடைசி முதல் 1909 வரை. அதன் கீழே ஒவ்வொன்றுக்கும் காரணம் ஒரு வரி: பூணூல், டிராம் பக்கம், வெள்ளைப் பொட்டு, கோட்டுக் கணக்கு, மேல்கம்பி, ரிப்பன் இன்மை. காரணம் இல்லாமல் வருடம் மட்டும் போனால், அடுத்தவர் அதை எடுத்து "சுமார் 1900" என்று போடுவார், அவருக்கு அடுத்தவர் "சுமார்" என்பதை விட்டுவிடுவார்.

புரட்டிய கோப்புக்குப் பெயரிலேயே "நேராக்கியது" என்று சேர்த்து, முதலில் எடுத்த கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே போட்ட புரண்ட படத்தை மட்டும் இன்றே எடுத்துவிட்டு நேரான படத்தைப் போடுங்கள், அது வேறு இடங்களுக்குப் பரவுவதற்குள்.